'மாக்னிஃபிசென்ட்' – ஒரு சொல்லும் ஒரு சுல்தானும்

அரசர் பெயரோடு அடைமொழி சேர்த்து வழங்குவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே. நம்மவர் 'கடாரங்கொண்டான்' என்றனர். ஆங்கிலேயர் தம் ரிச்சர்ட் மன்னரைச் 'சிங்கநெஞ்சன்' என்றனர். இத்தகைய அடைமொழிகள் பெரும்பாலும் ஓர் அரசனின் குடிமக்களோ, அவனைப் பாடிய புலவரோ சூட்டியவையாக இருக்கும். அரிதாகச் சிலருக்கு மட்டும் அயலார் சூட்டிய பெயர் ஒட்டிக்கொள்ளும். உதுமானியப் பேரரசின் பத்தாம் சுல்தானாகிய சுலைமானுக்கு அவ்வாறு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'தி மாக்னிஃபிசென்ட்' என்பது.

ஆங்கிலக் கலைக்களஞ்சியம் எதைப் புரட்டினாலும் இவ்வடைமொழியோடுதான் அவரைக் காண்போம். அந்நூல்களின் வழியே வரலாறு கற்ற நாமும் 'மகத்தான சுலைமான்' என்றும், 'மாட்சிமை மிக்க சுலைமான்' என்றும் மொழிபெயர்த்து எழுதி வருகிறோம். ஆனால் அரபு மொழியில் எழுதப்பட்ட வரலாற்று நூல் ஒன்றைக் கையிலெடுப்போர் அங்கே வேறு பெயரைக் காண்பர். அங்கே அவர் 'சுலைமான் அல்கானூனி'. துருக்கியர்க்கும் அவர் 'கானூனி சுல்தான் சுலைமான்' தாம். சட்டத்திற்கு உரியவர், சட்டம் வகுத்தவர் என்பது அதன் பொருள்.

மனிதர் ஒருவரே. ஹிஜ்ரி 926இல், அதாவது கி.பி. 1520இல், அரியணை ஏறி, 1566இல் ஹங்கேரி நாட்டின் ஸிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது பாசறையிலேயே உயிர்நீத்த அந்த 46 ஆண்டு ஆட்சியும் ஒன்றே. ஒரு சாரார் அதில் கண்டது பகட்டு; மற்றொரு சாரார் நினைவில் வைத்தது சட்டம். இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? இரு சொற்களையும் அவற்றின் வேர்வரை சென்று நோக்கினால் சுவையான செய்திகள் பல கிடைக்கின்றன. முதலில் ஆங்கிலப் பெயரடையை எடுத்துக்கொள்வோம்.

'மாக்னிஃபிசென்ட்' என்னும் சொல் பிரெஞ்சு மொழி வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. அதன் தாய் இலத்தீன். 'மாக்னுஸ்' என்றால் பெரிய. 'ஃபாகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'மாக்னிஃபிகுஸ்' என்பது பெருஞ்செயல் புரிபவனைக் குறித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று ஆங்கிலம் பேசுவோர் மாளிகையையும் மலைக்காட்சியையும் பட்டாடையையும் கண்டு வியந்து சொல்லும் இச்சொல், பிறக்கும்போது கண்ணால் காணும் அழகைப் பற்றியதாக இருக்கவில்லை. அது கையால் செய்யும் செயலைப் பற்றியதாக இருந்தது.

அச்செயல் எத்தகையது? இதற்கு விடை அரிஸ்டாட்டிலிடம் உள்ளது. தம் ஒழுக்கவியல் நூலின் நான்காம் பகுதியில் அவர் கொடைக்குணத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அதனினும் பெரியதொரு பண்பை எடுத்துரைக்கிறார். அதன் கிரேக்கப் பெயர் 'மெகலோப்ரெபெயா'. 'மெகா' என்றால் பெரிய. 'ப்ரெபெயின்' என்றால் தகுதியாய் இருத்தல். பெருந்தொகையைத் தக்க காரியத்திற்குத் தக்க வகையில் செலவிடும் பண்பு அது. இலத்தீன் எழுத்தாளர் இப்பண்பைத்தான் 'மாக்னிஃபிகென்ஷியா' என்று தம் மொழியில் வழங்கினர். நம் மொழியிலே இதற்கு ஈடான சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. 'பெருந்தகை' என்று சொல்கிறோமே, அதுவே அது. பெருமையும் தகவும் ஒன்றாய்ச் சேர்ந்த அச்சொல், கிரேக்கச் சொல்லின் இரு பகுதிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்லோ இலத்தீனுக்கு வந்தபோதே 'தகவு' என்ற பாதியை இழந்துவிட்டது.

அரிஸ்டாட்டில் தரும் எடுத்துக்காட்டுகள் கருத்தில் கொள்ளத்தக்கவை. கோயில் கட்டுதல், நகரத்தின் போர்க்கப்பலைத் தன் செலவில் ஆயத்தப்படுத்துதல், ஊர் முழுவதற்கும் விருந்தளித்தல் போன்ற பொதுக் காரியங்களையே அவர் இப்பண்புக்கு உரிய களமாகக் காட்டுகிறார். இதிலே குறைந்தவன் கஞ்சன். மிகைத்தவன் யார் தெரியுமா? நண்பர் சிலர் கூடும் எளிய விருந்தைத் திருமண விருந்துபோல் நடத்துபவன். தன் செல்வத்தைப் பிறர் கண்டு வியக்க வேண்டும் என்பதற்காகவே அவன் செலவிடுகிறான். அவனுக்குப் பெருந்தகை என்ற பெயர் இல்லை என்பது அந்த ஞானியின் தீர்ப்பு. நம் ஊர்களில் நடக்கும் சில திருமணங்களை அவர் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இந்த ஒழுக்கவியல் நூல் பக்தாதின் மொழிபெயர்ப்பாளர் காலத்திலேயே அரபு மொழியில் வந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் குர்துபா நகரத்துப் பேரறிஞர் இப்னு ருஷ்து இதற்கு விளக்கவுரை எழுதினார். அவ்வுரையை 1240இல் தொலேதோ நகரில் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் இலத்தீனில் பெயர்த்தார். கிரேக்க மூலத்திலிருந்து இங்கிலாந்தின் கிராஸ்டெஸ்ட் என்ற ஆயர் செய்த முழு இலத்தீன் மொழிபெயர்ப்பு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் பின்னரே. ஆகவே, பிற்காலத்தில் ஒரு முஸ்லிம் சுல்தானுக்கு ஐரோப்பா சூட்டிய அடைமொழிக்குப் பின்னிருந்த கருத்து ஐரோப்பாவைச் சென்றடைந்த வழிகளுள் ஒன்று முஸ்லிம் அறிஞர் ஒருவரின் மேசை வழியாகச் சென்றது எனலாம்.

சுலைமான் வாழ்ந்த காலத்தில் இச்சொல் ஐரோப்பாவில் எந்நிலையில் இருந்தது? இத்தாலியில் அது சற்று மலிந்தே போயிருந்தது. முடிசூடாமலே நகரங்களை ஆண்ட செல்வர்களையும், வெனிஸ் நகரத்துப் பிரபுக்களையும் 'மாக்னிஃபிகோ' என அழைப்பது அங்கே மரியாதை வழக்கு. 1492இல் இறந்த ஃப்ளாரன்ஸ் நகரத்து லொரென்ஸோ தெ மெதிசிக்கு அதுவே நிலைத்த பெயராயிற்று. இங்கிலாந்திலோ அச்சொல்லில் ஒரு கூர்மை இன்னும் எஞ்சியிருந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்துக் கவிஞர் ஜான் ஸ்கெல்டன் என்பார், 'மாக்னிஃபிசென்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். சுலைமான் பட்டமேறிய ஆண்டுகளை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்நாடகம் 1530ஐ ஒட்டி அச்சேறியது.

அதன் கதை இது. மாக்னிஃபிசென்ஸ் என்னும் இளவரசனுக்கு 'அளவு' என்பவன் அமைச்சன். 'செல்வம்', 'சுதந்திரம்' ஆகிய இருவரும் அளவின் கட்டுக்குள் இருக்கும்வரை இளவரசன் நன்றாக இருக்கிறான். பின்னர் 'மனம்போன போக்கு' என்பவன் 'வள்ளன்மை' என்ற பொய்ப்பெயர் பூண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். அவனைத் தொடர்ந்து அவன் கூட்டத்தாரும் வருகின்றனர். அளவு துரத்தப்படுகிறான். இளவரசன் எல்லாம் இழந்து, வறுமையில் விழுந்து, தற்கொலையின் விளிம்புவரை சென்று மீள்கிறான். பெருமைக்கு அளவு அமைச்சனாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆங்கிலக் கவிஞருக்குத் தெரிந்திருந்தது. 'அளவு' என்ற அந்தப் பாத்திரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. 'கானூன்' என்ற சொல்லுக்கு வரும்போது மீண்டும் அவன் தேவைப்படுவான்.

ஐரோப்பியர் சுலைமானிடம் கண்ட பகட்டு எது என்பதற்கு 1532ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று போதும். இரண்டாண்டுகட்கு முன்னர், 1530இல், போலோன்யா நகரில் போப்பாண்டவரின் கையால் ஐந்தாம் சார்லஸ் பேரரசராக முடிசூடிக்கொண்டார். இதற்கு விடையிறுக்க விரும்பிய தலைமை அமைச்சர் இப்ராஹீம் பாஷா, வெனிஸ் நகரத்துப் பொற்கொல்லரிடம் ஒரு தலைக்கவசம் வாங்கினார். முத்தும் வைரமும் மாணிக்கமும் பதித்த நான்கு கிரீடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அதில் அமைந்திருந்தன. போப்பாண்டவரின் கிரீடத்துக்கு அடுக்கு மூன்றே என்பதை நினைவிற்கொண்டால் நான்காம் அடுக்கின் உட்பொருள் விளங்கும். விலை ஒரு லட்சம் டக்கட் பொற்காசுகளுக்கு மேல். வியன்னாவை நோக்கிப் படை சென்ற வழியில் நிஷ் நகரில் எதிரியின் தூதர்கள் வரவேற்கப்பட்டபோது இக்கவசம் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதையே உதுமானிய சுல்தான்களின் மணிமுடி என எண்ணித் திகைத்தனர்.

உண்மையில் உதுமானிய சுல்தான்கள் முடிசூடும் வழக்கமே உடையவர் அல்லர். அவர்களுக்குத் தலைப்பாகைதான், பட்டமேற்பின் அடையாளம் இடையில் கட்டும் வாள். அக்கவசத்திற்கு உதுமானியச் சடங்கு எதிலும் இடம் கிடையாது. அதன் உருவம் இன்று நமக்குத் தெரிவதே இத்தாலியச் செதுக்கோவியங்கள் வாயிலாகத்தான். பொருளையோ பிற்காலத்தில் உருக்கிவிட்டனர் என்றே ஆய்வாளர் கருதுவர். ஐரோப்பாவில் செய்யப்பட்டு, ஐரோப்பியர் கண்ணுக்கென்றே காட்டப்பட்டு, ஐரோப்பியர் ஓவியத்திலேயே எஞ்சிய பொருள் அது. அவ்வாண்டுப் படையெடுப்போ, க்யூன்ஸ் என்ற சிறு கோட்டையருகே மூன்று வாரங்களுக்கு மேல் தடைப்பட்டு, வியன்னாவைக் காணாமலே திரும்பியது! 'மாக்னிஃபிசென்ட்' என்ற சொல்லின் சுருங்கிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு வேண்டுமோ?

பெல்கிரேடு 1521, ரோட்ஸ் 1522, மொஹாச் போர்க்களம் 1526, வியன்னாவின் முதல் முற்றுகை 1529 என்று நீளும் வெற்றி தோல்விகளின் பட்டியல் எல்லா நூல்களிலும் உண்டு. அதனை இங்கே விரிக்க வேண்டா. நாம் 'கானூன்' என்ற சொல்லுக்கு வருவோம்.

இச்சொல் நமக்குப் புதியதன்று. இப்னு சீனாவின் புகழ்பெற்ற மருத்துவ நூலின் பெயர் 'அல்கானூன்' என்பதை அறியாதார் இலர். உருதுவிலும் இந்தியிலும் சட்டத்திற்கு அதுவே பெயர். ஆயினும் அரபு மொழிக்கும் அது பிறமொழிச் சொல்லே. 'கனோன்' என்ற கிரேக்கச் சொல் அரபியில் 'கானூன்' ஆயிற்று. தச்சரும் கொத்தரும் நேர்மை பார்க்கப் பயன்படுத்தும் அளவுகோலுக்கு அது பெயர். அளவுகோலை முதலில் நாணற்தண்டிலேதான் செய்தனர் போலும்; நாணலைக் குறிக்கும் 'கன்னா' என்பதே அக்கிரேக்கச் சொல்லின் வேர் என்பர் மொழிநூலார். அந்தக் கன்னாவையும் கிரேக்கர் கீழை நாட்டு செமித்திய மொழிகளிலிருந்தே பெற்றனர். நாணலுக்கும் ஈட்டித்தண்டுக்கும் பெயராகிய 'கனாத்' என்ற அரபுச் சொல் அதன் உடன்பிறப்பு. கீழ்த்திசையிலிருந்து நாணலாகப் புறப்பட்டுப் போன சொல், கிரேக்க நாட்டில் அளவுகோலாகி, சட்டமாகத் திரும்பி வந்தது.

ஆக, ஸ்கெல்டனின் நாடகத்தில் துரத்தப்பட்ட 'அளவு' என்னும் அமைச்சனே சுலைமானின் பெயரிலே அடைமொழியாய் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

சுலைமான் தம் ஆட்சியைத் தொடங்கிய விதமே இதற்குப் பொருந்துவதாய் இருந்தது. தந்தை முதலாம் ஸலீம், ஈரானியப் பட்டு வணிகத்தைத் தடைசெய்து வணிகரின் சரக்குகளைப் பறிமுதல் செய்திருந்தார்; எகிப்தை வென்றபோது கெய்ரோவிலிருந்து கைவினைஞரையும் அறிஞரையும் வலிந்து இஸ்தான்புல்லுக்குக் கொணர்ந்திருந்தார். மகன் செய்த முதற் காரியங்களுள் இரண்டு: வணிகர்க்கு இழப்பீடு கொடுத்தது, கெய்ரோ மக்கள் தம் ஊர் திரும்ப வழிவிட்டது. கொடுமைக்குப் பேர்போன கடற்படைத் தலைவன் ஒருவனை விசாரித்துத் தண்டித்ததும் அக்காலத்தே நிகழ்ந்தது.

சட்டத் தொகுப்பு அவரோடு தொடங்கியது என்று எண்ணுதல் தவறு. இஸ்தான்புல்லை வென்ற ஃபாத்திஹ் முஹம்மது காலத்திலேயே கானூன் ஏடுகள் உண்டு. சுலைமானின் காலத்தில் அவை திரட்டப்பட்டு, ஒழுங்கு செய்யப்பட்டு, புதிதாகச் சேர்ந்த நாடுகளுக்கெல்லாம் விரிக்கப்பட்டன. எகிப்தில் 1524இல் ஓர் ஆளுநர் கலகம் செய்தார். அது அடங்கிய பின் இப்ராஹீம் பாஷாவை அனுப்பி, 1525இல் அந்நாட்டுக்கென ஒரு கானூன் ஏடு வகுக்கச் செய்தார் சுல்தான். வரலாற்று ஏடுகளில் இப்ராஹீம் பாஷாவின் பெயரைக் காண்போர் வெனிஸ் கவசத்தையே நினைப்பர். அவருக்கு இந்தப் பெருமையும் உண்டு.

ஷரீஅத் இருக்கும்போது கானூன் எதற்கு என்ற வினா வாசகர் சிலருக்கு எழக்கூடும். வரி விகிதம், நில உரிமை, படைவீரர்க்கு அளிக்கும் மானியம், அலுவலரின் கடமை, சில குற்றங்களுக்கு ஆட்சியாளர் தம் பொறுப்பில் விதிக்கும் தண்டம் ஆகியவை பற்றியே கானூன் பேசிற்று. ஒவ்வொரு மாவட்டத்தையும் அளந்து, குடும்பங்களைக் கணக்கெடுத்துப் பதிவேடு எழுதினர். அப்பதிவேட்டின் முகப்பிலே அவ்வட்டாரத்திற்குரிய கானூன் எழுதப்பட்டது. ஓர் இணை எருது உழக்கூடிய நிலத்திற்கு இவ்வளவு, இரண்டு ஆட்டுக்கு ஒரு வெள்ளிக்காசு, தேன்கூட்டுக்கு இவ்வளவு, ஆலைக்கல்லுக்கு இவ்வளவு என்று அது சென்றது. படிக்கச் சலிப்பூட்டும் எழுத்துதான். ஆனால் மானியம் பெற்ற குதிரைவீரன் குடியானவனிடம் வந்து கூடுதலாகக் கேட்டால், அச்சலிப்பூட்டும் எழுத்தே ஏழைக்குத் துணை. அவன் காஜியிடம் செல்லலாம். அங்கே நீதி கிடைக்காவிடில் தலைநகரத்து திவானுக்கே முறையிடலாம். எப்போதும் நீதி கிடைத்தது என்று நாம் சொல்ல முற்படவில்லை. அளவு இன்னது என்று எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதே செய்தி.

இவ்விரு சட்டங்களையும் இசைவிக்கும் அரும்பணியை மேற்கொண்டவர் அபூஸுஊத் எஃபெந்தி. 1545 முதல் தாம் இறந்த 1574 வரை ஷைகுல் இஸ்லாம் பதவி வகித்த பெருமகனார். உதுமானிய நில உரிமை முறையை ஃபிக்ஹு நூல்களின் சொற்களில் விளக்கிக் காட்டியது அவர் சாதனை. ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்யலாமா என்ற பெரும் விவாதத்தில் செல்லும் என்று அவர் கூறினார். செல்லாது என்று பிர்கிவி என்ற நேர்மையான ஆலிம் எதிர்த்து நூலே எழுதினார். பேரரசின் தலைமை மார்க்க அறிஞரை ஒரு சிற்றூர் மத்ரஸா ஆசிரியர் எழுத்தால் எதிர்க்க முடிந்த காலம் அது.

இனி, மறைக்கக்கூடாத பகுதிக்கு வருவோம். புகழ்மாலை தொடுப்போர் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். இளமை முதல் உற்ற நண்பராய், ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கிய இப்ராஹீம் பாஷா 1536ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் அரண்மனையிலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். விசாரணை ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. 1553இல் படைவீரரெல்லாம் நேசித்த மூத்த மகன் முஸ்தஃபா, தந்தையின் கூடாரத்துக்கு அழைக்கப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டார். மற்றொரு மகன் பாயஸீத் கலகம் செய்து தோற்று ஈரானில் அடைக்கலம் புகுந்தார். பொன் கொடுத்து, பேச்சு நடத்தி, சில ஆண்டுகளில் அவரையும் அவர்தம் பிள்ளைகளையும் அங்கேயே மாய்க்கச் செய்தனர். ஆட்டுக்கு வரி எழுதி வைத்த அளவுகோல், சுல்தானின் சொந்தக் கூடாரத்துக்குள் நுழையவில்லை. கானூனி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் முஸ்தஃபாவின் நினைவும் வருவது தவிர்க்க இயலாதது. துருக்கிக் கவிஞர் அவருக்குப் பாடிய இரங்கற்பாக்கள் சுல்தான் உயிரோடிருந்தபோதே மக்களிடையே பரவின.

அந்தத் துயரத்துக்குப் பிந்திய சுலைமானை நேரில் கண்டவர் புஸ்பெக் என்ற தூதர். ஹாப்ஸ்பர்க் அரசர் அனுப்ப வந்த இந்த ஃப்ளெமிஷ் அறிஞர், 1555இல் அமாஸ்யா நகரில் சுல்தானைச் சந்தித்தார். 1581 முதல் அச்சேறிய அவருடைய கடிதங்கள் ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டன. பட்டையும் பொன்னையும் அவர் வருணிக்காமல் இல்லை. ஆனால் அவரை உலுக்கியது வேறு. அத்தனை ஆயிரம் வீரர் நின்ற இடத்தில் ஓசையே இல்லை என்பதையும், அந்த அவையிலே எவரும் பிறப்பால் உயர்ந்தவர் அல்லர், தகுதியாலும் பணியாலும் மட்டுமே இடம் பெற்றவர் என்பதையும் வியந்து எழுதினார். ஆட்டிடையர் மக்கள் அமைச்சராக முடிகிறதே, நம் நாட்டில் குலம் பார்த்தன்றோ பதவி தருகிறோம் என்று தம்மவரை நொந்துகொண்டார். பகைவரின் தூதர் தம் கண்ணால் கண்டதை இவ்வளவு நேர்மையாக எழுதுவது எளிதன்று.

அதே புஸ்பெக் தரும் இன்னொரு செய்தி: முதுமையில் சுல்தான் இசைக்கருவிகளை உடைத்து எரிக்கச் செய்தார், வெள்ளித் தட்டுகளை விலக்கி மண்பாண்டத்தில் உண்ணலானார். 'மாக்னிஃபிசென்ட்' எனப்பட்டவரின் உணவுத்தட்டு மண்ணாலானது என்பதை, அவ்வடைமொழியைப் பரப்பிய நூல்களுள் எத்தனை சொல்கின்றன?

அரிஸ்டாட்டில் சொன்ன பழைய பொருளில் அச்சொல் சுலைமானுக்குப் பொருந்தாது என்று நாம் கூறவில்லை. மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்கு வெனிஸ் கவசத்தை விட்டுவிட்டு இஸ்தான்புல் நகரத்து மூன்றாம் குன்றின்மேல் ஏற வேண்டும். 1550இல் தொடங்கி 1557இல் திறக்கப்பட்ட ஸுலைமானிய்யா ஜாமிஆப் பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. கட்டியவர் சிற்பப் பேராசான் மிஃமார் ஸினான். குவிமாடத்தின் உயரம் 53 மீட்டர். விட்டம் ஏறத்தாழ 26 மீட்டர். நான்கு மினாராக்கள், அவற்றில் பத்து மாடங்கள். பத்தாம் சுல்தான் என்பதைக் குறிக்கவே அப்பத்து என்பர்.

குவிமாடத்தைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புவோர் பலர். பள்ளிவாசலைச் சுற்றி எழுந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்நிலை மத்ரஸாக்கள் நான்கு, ஹதீஸ் கல்விக்கென ஒன்று, மருத்துவம் பயில ஒன்று, நோயாளிகளுக்கு மருத்துவமனை, சிறுவர் பள்ளி, பயணியர் விடுதி, குளியல் இல்லம், மாணவர்க்கும் ஏழைகட்கும் வழிப்போக்கர்க்கும் உணவளிக்கும் 'இமாரத்' என்னும் பொதுச் சமையற்கூடம். இவையனைத்தும் நடந்து வருவதற்கென ஊர்களும் நிலங்களும் வக்ஃபு செய்யப்பட்டன. கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. இன்ன கொத்தனுக்கு இத்தனை நாள் கூலி என்று பெயர்வாரியாகக் குறித்துள்ளனர். அப்பெயர்களை எண்ணிய துருக்கி அறிஞர் உமர் லுத்ஃபி பர்கான், பணியாற்றிய கைவினைஞருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறித்தவர் என்று கண்டறிந்தார்.

விளக்குகள் எழுப்பும் கரிப்புகை சுவர்களைக் கறுக்கச் செய்யாதபடி, காற்றோட்டத்தால் அதனைத் தலைவாயிலின் மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்துச் சென்று படியவைத்து, அக்கரியிலே எழுத்து மை செய்தனர் என்பது அப்பள்ளியைப் பற்றி வழங்கும் செய்திகளுள் நம் மனத்தைக் கவர்வது. பெருஞ்செலவிலே கூட வீணாகும் புகையைக் கருதிப் பார்த்த கண் அது.

அப்பள்ளியின் வாயிற்கல்வெட்டை இயற்றியவர் அபூஸுஊத் எஃபெந்தியே. சுல்தானுக்கு அவர் அதிலே பொறித்த பட்டங்களுள், அரச கானூன்களைப் பரப்பியவர் என்ற பொருள்படும் ஒன்றும் இருக்கிறது. இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 'கானூனி' என்பது சுலைமானின் வாழ்நாளில் வழங்கிய அடைமொழி அன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொல்டாவிய இளவரசர் கந்தெமிர் எழுதிய உதுமானிய வரலாறு போன்ற நூல்களிலேயே அது தலைகாட்டி, பின்னர் நிலைபெறுகிறது. அதனைக் கொண்டு, பிற்காலத்தார் புனைந்த பெயர்தானே என்று தள்ளுவோர் உண்டு. பெயர் பிந்தியதாக இருக்கலாம்; அவர் தம்மை எவ்வாறு அறியச் செய்ய விரும்பினார் என்பது 1557இலேயே கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

மேற்குலகமும் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. அமெரிக்க நாட்டுப் பிரதிநிதிகள் சபை கூடும் மண்டபத்தின் சுவரில், 1950இல், உலகின் சட்டம் வகுத்தோர் 23 பேரின் உருவங்களைச் சலவைக்கல்லில் செதுக்கி வைத்தனர். பாபிலோன் ஹம்முராபி, ரோமாபுரியின் ஜஸ்டினியன், நெப்போலியன் ஆகியோர் வரிசையில் சுலைமானும் ஒருவர். பாடநூல் எழுதியவர் 'மாக்னிஃபிசென்ட்' என்கிறார். சட்டமன்றம் கட்டியவரோ கானூனியை நாடுகிறார்.

வியப்பு என்னவெனில், அயலார் சூட்டிய பெயர் இப்போது துருக்கிக்கே திரும்பி வந்துவிட்டது. அதனைத் துருக்கியில் 'முஹ்தெஷெம்' என்று பெயர்த்துள்ளனர். அரபுச் சொல்லாகிய 'முஹ்தஷிம்' என்பதன் வடிவம் அது. அரபு அறிந்தோர் இங்கே புன்னகை செய்வர். ஏனெனில் அரபியில் 'இஹ்திஷாம்' என்றால் நாணமும் அடக்கமும் ஆகும். பாரசீகத்திற்கும் துருக்கிக்கும் சென்றபோதுதான் அது ஆடம்பரம் என்று பொருள் மாறியது. 2011 முதல் 2014 வரை துருக்கித் தொலைக்காட்சியில் 'முஹ்தெஷெம் நூற்றாண்டு' என்ற பெயரில் சுலைமானைப் பற்றிய தொடர் ஒளிபரப்பாகிப் பல நாடுகளுக்கும் சென்றது. பெரும்பகுதி அந்தப்புரத்துப் பொறாமையும் பட்டாடையும்தான். அன்று பிரதமராக இருந்த எர்தோகான் 2012இல் இதனைக் கண்டித்து, எம் முன்னோர் தம் வாழ்வின் 30 ஆண்டுகளைக் குதிரைமேல் கழித்தவர் என்ற கருத்தில் பேசினார். ஒருவர் அந்தப்புரம் என்றார். மற்றொருவர் குதிரை என்றார்.

நிலப்பதிவேடுகளைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எவரும் எடுக்கப்போவதில்லை. அவை இஸ்தான்புல், அங்காரா நகரங்களின் அரசு ஆவணக் காப்பகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஓர் ஏர் நிலத்துக்கு இவ்வளவு, இரண்டு ஆட்டுக்கு ஒரு காசு என்று எழுதிய முகப்புப் பக்கங்களை ஆராய்ச்சியாளர் சிலர் இன்றும் புரட்டிப் படியெடுத்து வருகின்றனர்.